ஆடியில் மாட்டிய டயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன் நான். எழுத்து எனக்குக் கைவந்த வேலையில்லை. ஆனால் தயக்கத்துக்கு அது காரணமில்லை. ஆடி மாதத்தையும் அம்பாளையும் சேர்த்துச் சொல்லவேண்டிய விஷயம் இது. ஒரு வார்த்தை பிசகினால் சாமியைக் குறை சொல்கிறான் என்பார்கள். இன்னொரு வார்த்தை பிசகினால் எல்லாம் சாமி பார்த்துக்கொள்ளும் என்கிறான் என்பார்கள். நான் சொல்ல வந்தது இரண்டும் இல்லை.

என் மனைவி ஐயம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் நான் தறியில் உட்காருவேன். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் இரண்டு தறி. அந்தச் சத்தத்தில் பேசுவதெல்லாம் கத்துவதுதான். புருஷனும் பெண்டாட்டியுமாக மெதுவாக நாலு வார்த்தை பேசிக்கொள்ள அந்த வண்டிப் பயணம்தான் இருந்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு, மறு கையால் மடியிலிருக்கும் கூடையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பது அவள் வழக்கம். முகப்பு விளக்குக்கு ஒன்று, இரண்டு டயருக்கும் ஒவ்வொன்று. குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். அந்த வருடம் ஆடி முதல் வெள்ளியன்று பின் சக்கரத்தருகே குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

“இன்னாங்க, இங்க வாங்களேன். மின்னெல்லாம் சந்தனம் வெச்சா பள்ளத்துல எறங்கிடும். இன்னும் கொஞ்சம் எடுத்து ரொப்புவேன். இப்ப நெத்தியில வெச்ச மாதிரி மேலயே நிக்குது.”

நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. தறியில் நெய்த பட்டுத் துணியைத் தடவித் தடவிப் பழகிய கை இது. வழவழப்பு பட்டால் இதற்குச் சந்தோஷம்தான் வரும், பயம் வராது. வண்டியைத் துடைத்த நாளெல்லாம் இந்தக் கைதான் ‘டயர் நல்லாத்தான் இருக்குது’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் பாயிடம் போனேன். பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

“வண்டிக்கே மொட்டை அடிச்சிட்டியாபா! எந்தக் கோயில் வேண்டுதல்?”

பிறகு உட்கார்ந்து காட்டினார். “பள்ளத்துக்குள்ள குறுக்க சின்னதா ரப்பர் மேடு தெரியுது பாரு. எங்க தேடணும்னு டயரு ஓரத்துல முக்கோணம் போட்டிருக்கான். புதுசுல அது அடியில கெடக்கும். மேல இருக்கிறது தேய்ஞ்சி தேய்ஞ்சி அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா ஆட்டம் முடிஞ்சிது. பக்கத்துல வெடிப்பு வேற. இதோ நாலு நம்பர் இருக்குதே, மொதல் ரெண்டு எத்தனாவது வாரம், கடைசி ரெண்டு எந்த வருசம். அதான் டயரோட ஜாதகம். உன்னுது கிழவன்பா. மாத்திட்டுப் போ.”

“ஆடி பொறந்துட்டுதே பாய். ஆவணியில பாக்கலாம்.”

“மழை ஆவணி வரிக்கும் காத்துக்கினு இருக்குமா?”

எங்கள் வீட்டில் ஆடியில் புதிதாக ஒரு சாமானும் வாங்கமாட்டோம். ஊரே ஆடித் தள்ளுபடியில் புடவை விற்கும். எங்கள் வீட்டுக்குள் ஒரு புதுக் கரண்டி வராது. மாதம் முழுக்க அம்பாளுக்கு, கூழுக்கு, வேப்பிலைக்கு. மனைவியும் அதையே சொன்னாள். “மெதுவா போனா போவுது. ஆவணி வந்துடும்.”

ஆவணி வரவில்லை. ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போனது. தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது. கால் மிதிக்கும், மனசு பின் சக்கரத்தில் இருக்கும். பாதியில் எழுந்து வாசலுக்குப் போய், இரண்டு நாளில் ரப்பர் வளர்ந்துவிடும் போல அந்த மேட்டை விரலால் நிமிண்டிப் பார்ப்பேன். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு வரும் என்று யாரோ சொல்ல, இறக்கினேன். வண்டி ஆடியது. மறுபடி அடித்தேன். காமாட்சி கோயிலுக்குப் போனால் பிராகாரம் சுற்றியதைவிட வெளியில் நின்ற வண்டிகளைச் சுற்றியதே அதிகம். யார் டயரில் பள்ளம் இருக்கிறது, யாருடையது மொட்டை என்று குனிந்து குனிந்து பார்த்தேன். காற்று வேகமாக அடித்தால் மழை வருமோ என்று வானத்தைப் பார்ப்பேன். பின்னால் உட்கார்ந்து அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வருவாள். நான் ‘ம்’ கொட்டுவேனே தவிர ஒன்றும் காதில் ஏறாது. இவளை எங்கே தள்ளிவிடுவேனோ என்ற ஒரே நினைப்பு.

ஒருநாள் காலையில் தூறி விட்டிருந்தது. வாலாஜாபாத் சாலையில் எங்களுக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். முன் சக்கரம் நின்றது, பின் சக்கரம் நிற்கவில்லை. கதவு திறக்கிற மாதிரி வண்டியின் பின்பக்கம் அப்படியே திரும்பி ரோட்டுக்குக் குறுக்கே வந்தது. காலை ஊன்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். எப்படி இறங்கினாள் என்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது. ஒரு கீறல் இல்லை. கூடையிலிருந்த கறிவேப்பிலை மட்டும் ஈரத்தில் சிதறிக் கிடந்தது.

ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். “இன்னாண்ணா, நடுரோட்டுல கோலம் போடறியா?”

“தாயே” என்று ஒரு வார்த்தை சொன்னாள் அவள். கறிவேப்பிலையைப் பொறுக்கினாள். அந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து காலையிலும் ஆட்டோதான். என் பின்னால் உட்காரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, முன்னாடியே கிளம்பிவிடுவாள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஐயம்பேட்டை வரைக்கும் போனேன். பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் வந்ததும் பிடித்துக்கொண்டாள். “மொட்டை டயரை வெச்சிக்கினு எதுக்கு என் பின்னால வர்றீங்க? நான் எறங்கிட்டா அது மொளைச்சிடுமா?”

அப்போது ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, தீர்ந்திருந்தது. பழைய பாவின் முனையில் புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இழையாக எடுத்து, வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டு முறுக்கவேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இன்னிக்கு ஆடிதானே?”

“ஆமா.”

“புதுப் பாவு போடறீங்க?”

“இது புதுசு இல்லம்மா. ஓடற தறி. பழசோட முனையிலதான பிணைக்கிறேன். நிறுத்தி வெச்சா சோறு ஏது?”

“அப்ப வண்டி மட்டும் ஓடாத வண்டியா?”

கை நின்றுவிட்டது. சாம்பல் தொட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழைக்குப் பிடிப்பு வேண்டும் என்று சாம்பல் தொடுகிறவனுக்கு, பெண்டாட்டி உட்காருகிற வண்டிக்குப் பிடிப்பு வேண்டும் என்று தோன்றாமல் போனதே.

மறுநாள் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு நேராகப் பாயிடம் போனேன். “ஆவணி வந்துட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே மாட்டினார். புது டயர் மேல்பூச்சோடு கொஞ்சம் வழுக்கும், சில நாள் வேகமாக வளைக்காதே, அழுத்திப் பிரேக் பிடிக்காதே என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தாள். புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

“மொளைச்சிடுச்சி பாருங்க.”

சந்தனம் பள்ளத்துக்குள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் எடுத்து ரொப்பினாள். மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்து தோளில் கை வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. அந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் சொல்லி, அவர்கள் சொன்னதை மற்றவர்கள் சொல்லி, எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் கதை வேறாகிவிட்டது. மஞ்சள் புடவை கட்டின ஒரு அம்மா நடுரோட்டில் வந்து வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தினாளாம். டயர் மாற்றியது யார் வாயிலும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரரும் நெசவாளிதான். அவர் வண்டி டயரும் மொட்டை. நான் போய்ச் சொன்னேன்.

“உனக்கு அம்பாளே வந்து புடிச்சிக்கினா. எனக்கு மட்டும் வரமாட்டாளா? பக்தி கொறைஞ்சிபோச்சாபா உனக்கு?” என்றார்.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அம்பாள் காப்பாற்றினாள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் ரோட்டில் பிடித்ததற்கு முன்னாலேயே, வெள்ளிக்கிழமைச் சந்தனத்தில் எனக்குக் காட்டினாளே, அதுவும் அவள்தானே.

அந்த மொட்டை டயர் போய் அடுத்த வீட்டுக்காரர் வேறொன்று போட்டார். அதுவும் இப்போது தேய்ந்துவிட்டது. போன வாரம் கோயில் வாசலில் அவர் வண்டி நின்றது. பழக்கதோஷம், குனிந்து பார்த்தேன். பள்ளத்து மேடும் டயரின் மேல்பரப்பும் ஒரே மட்டம். நிமிர்வதற்குள் அவர் மனைவி பூவோடு வந்து ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்தாள். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அதனால் எழுதிவிட்டேன். படித்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்லுங்கள், இருக்கிறபடியே சொல்லுங்கள். மஞ்சள் புடவையைச் சேர்க்காதீர்கள். அம்பாளை எடுத்துவிடாதீர்கள். பள்ளத்துக்குள் இருக்கிற அந்தச் சின்ன மேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருப்பக்கம் வந்தால் முதலில் என் அடுத்த வீட்டில் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.