முழங்கை அக்காவின் விளையாட்டு அறை

எங்கள் தெருவில் அவரை முழங்கை அக்கா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டு முன்னறையைத் தாண்டிப் போகிற யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. "முழங்கை! முழங்கையத் தூக்கு! மணிக்கட்ட மட்டும் ஆட்டி என்னை ஏமாத்தாத!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்த அறைக்கு நேர் எதிரே என் கேம் கடை. வருடக்கணக்கில் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அதனால் அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அக்கா இருபத்தாறு வருடம் துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவர். வலது தோள் இறுகி, தலை சீவக்கூட முடியாமல் போனதும் வேலையை விட்டார். அந்தச் சமயம் அவர் மகள் புது கேம் மெஷின் வாங்கிக்கொண்டு, பழையதை அம்மா தலையில் கட்டிவிட்டு வெளியூர் போனாள். கையில் ஒரு ரிமோட். அதை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். பொழுது போகாமல் வீசத் தொடங்கியவருக்கு நாலைந்து மாதத்தில் தோள் இளகியது. நாலு பேர் வந்து ஆடட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் மணிக்கட்டைச் சொடுக்கியே அந்த ஆட்டத்தை ஜெயிக்கலாம். ஆனால் அக்காவிடம் அது செல்லாது. கை முழுசாக எழாவிட்டால், ஜெயித்தாலும் தோல்விதான்.

என் கடை வேறு ரகம். ஆறு சீட்டு, ஆறு திரை, ஏசி. மெஷின் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்த ஓடின, அவற்றின் பின்னால் நான் ஓடினேன். ஒரு கம்பெனி படத்தில் புல் நுனி தெரியும் என்றால், இன்னொன்று புல்லின் மேல் பனித்துளியே தெரியும் என்று சொல்லும். இரண்டையும் வாங்குவேன். அக்காவின் மெஷினில் ஆட்களுக்குக் கால்கூடக் கிடையாது. பொம்மை என்று சிரித்தேன். அந்தப் பொம்மைக்கு முன்னால்தான் மத்தியானமெல்லாம் கூட்டம். என் கடைப்பக்கம் திரும்பியே பார்க்காத பெண்கள், தபால்காரர், பஸ் டிரைவர் எல்லோரும் அங்கே. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மற்ற கம்பெனிகளும் அசைவு ஆட்டத்துக்கு இறங்கின. அதில் ஒன்று, கையில் எதுவுமே வேண்டாம், கேமராவே உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் என்றது. விடுவேனா? வாங்கினேன். ஆறு சீட்டுக்கு நடுவே கை வீச ஏது இடம்? முதல் நாளே ஒருத்தர் மூக்கில் இன்னொருத்தர் கை. சரி, வீட்டில் வைப்போம் என்று கொண்டுபோனேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

என் மனைவிக்கு அப்போது ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கை தோள் உயரத்துக்குக்கூட எழவில்லை. "தினமும் தூக்கிப் பழகணும். இப்ப விட்டா அப்படியே இறுகிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை வீசி ஆடட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கேமராவை மாட்டினேன். திரையில் அவள் உடம்பு நிழலாக வந்து நின்றது, குறை உட்பட. ஒரு நிமிடம் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் நிற்கவில்லை, கையையும் தூக்கவில்லை. எது சொன்னாலும், "விடுங்க, எனக்குத் தெரியும்" என்பாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு மத்தியானம் கடை வாசலில் நிற்கிறேன், எதிர் அறையில் என் மனைவி! தூக்கிவாரிப் போட்டது. சட்டைக்குள் ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துத் தரச் சொல்லி அக்காவிடம் போயிருக்கிறாள். அக்கா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தைத்துக் கொடுத்துவிட்டு, "உக்காந்து ஆட்டம் பாரு தங்கச்சி, டீ போடறேன்" என்றாராம். அன்றிலிருந்து தினமும் போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆட மட்டும் எழுந்திருப்பதில்லை.

அவள் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம், மெஷினோடு வந்து டிவிக்குக் கீழே நீளமாகக் கிடந்த கறுப்புப் பட்டையின் ஒயரை எலி கடித்துவிட்டது. ரிமோட்டை எப்படி நீட்டினாலும், ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிற சின்னக் கை திரையில் வரவில்லை. அது வராமல் எந்த ஆட்டமும் தொடங்காது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. அக்கா கதவில் "இனி ஆட்டம் இல்லை" என்று எழுதி ஒட்டினார். வருடக்கணக்கில் நான் பார்க்க ஆசைப்பட்ட வாசகம். பொய் சொல்ல மாட்டேன், ஒரு டீ குடிக்கிற நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு என் மனைவி அந்த மூடிய கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போவதைப் பார்த்தேன். வீட்டை விட்டு அவள் போன ஒரே இடம் அது.

கடையைப் பூட்டினேன். இரண்டு மெழுகுவத்தி வாங்கினேன். அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன தம்பி, துக்கம் விசாரிக்க வந்தீங்களா?" என்றார் அக்கா.

"உங்க தையல் ஸ்கேலக் குடுங்க. ஜன்னல் திரைய இழுத்து விடுங்க."

மர ஸ்கேலின் இரு முனையிலும் மெழுகுவத்தியை நிறுத்தி, டிவிக்குக் கீழே வைத்துப் பற்றவைத்தேன். ரிமோட்டை நீட்டினேன். திரையில் சின்னக் கை வந்து நின்றது. மோப்பம் பிடித்து உள்ளே வந்திருந்த பஸ் டிரைவர், பழக்க தோஷத்தில் மெழுகுவத்திக்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு சார் பொத்தான்?" என்றேன்.

"அந்தப் பட்டை நம்மளப் பாக்குமில்ல?"

"பட்டையா? அது எதையும் பாக்காது. ரெண்டு முனையிலயும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அவ்வளவுதான். மெழுகுவத்தியிலயும் அது இருக்கு. அந்த வெளிச்சத்த ரிமோட்தான் பாக்குது."

"அடக் கடவுளே" என்றார் அக்கா. "நானும் அதுக்கு முன்னாடி சேலையச் சரி பண்ணாம நின்னதில்ல!"

மூலையிலிருந்து என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அதுக்குக் கண்ணே கிடையாதா? என்னைப் பாக்காதா?"

மூன்று வாரமாக அவள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டில் மாட்டிய கேமரா அவளை இங்கே வரைக்கும் துரத்தியிருக்கிறது.

"பாக்காதும்மா. சத்தியமா பாக்காது."

எழுந்து வந்தாள். மெழுகுவத்திக்கு நேர் எதிரே நின்று, ஆபரேஷன் பக்கத்துக் கையிலேயே ரிமோட்டை வாங்கினாள். மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினாள். அதற்கே நான் கைதட்டியிருப்பேன்.

"முழங்கை!" என்று கத்தினார் அக்கா. "புது ஆளுக்கெல்லாம் சலுகை கிடையாது தங்கச்சி!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தூக்கினாள். கை தோள் வரை வந்து நடுங்கியது, நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு விரல்கடை ஏறியது. பந்து வலையில்தான் விழுந்தது. பந்து யாருக்கு வேண்டும்!

"ஆட்டத்தக் காப்பாத்திட்டீங்க தம்பி" என்று அக்கா வாசல் வரை வந்து சொன்னார். யார் யாருக்கு நன்றி சொல்வது? மறுநாள் என் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: "கை வீசி ஆட எதிர் வீட்டுக்குப் போகவும்." இன்றும் அது இருக்கிறது.

போன வாரம் காலையில், என் மனைவி கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள்.

நகரச் சொல்லவில்லை.