வயசு கேட்கும் மாயவன்

"பல்லக் காட்டு சாமி" என்று மாயவன் குனிகிறார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் ஈ என்று இளிக்கிறான். முன்பல் இரண்டும் இல்லை. "எத்தன வயசு?" "ஏழு" என்கிறான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. இப்போதுதான் "அஞ்சு முடியலீங்க" என்று சொல்லி வாயை மூடிய அம்மாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பஸ் முழுக்கச் சிரிக்கிறது. மாயவன் மட்டும் சிரிக்க மாட்டார். அரை டிக்கெட்டைக் கிழித்துப் பையன் கையிலேயே கொடுத்து, "எறங்குற வரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்கிறார்.

பெரம்பலூரில் கிளம்பிக் குன்னம் வழியாக அரியலூர் போகிற தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். தலைமுடி நரைத்ததெல்லாம் இந்த ரோட்டில்தான். பிள்ளைகளின் வயதைப் பெற்றவளிடம் கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "அம்மாக்காரி கொறைச்சுச் சொல்லுவா. புள்ள கூட்டிச் சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல நாம பாத்துப் போட்டுக்கணும்" என்பார். அவர் பார்த்துப் போட்டது தப்பென்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் எந்நேரமும் திறந்திருக்கும். கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அது மாசமான பெண்களுக்கும் வெங்காய மூட்டையோடு ஏறுகிற பெண்களுக்கும் என்று அவராகவே எழுதிவைத்துவிட்டார். மூட்டைக்காரப் பெண்கள் இறங்கும்போது ஒரு கை சின்ன வெங்காயத்தை அவர் பையில் போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் தயிர்ச் சோற்றுக்கு அதைப் பச்சையாகக் கடித்துவிட்டு வந்து, மூக்குக்கு நேரே நின்று "டிக்கெட்டு" என்பார். கொடுக்காமல் யார் தப்ப முடியும்?

தேர்தல் பேச்சு தொடங்கியதிலிருந்து மனிதரைப் புதிதாக ஒரு வயது பிடித்து ஆட்டுகிறது. சட்டமன்றத்துக்கு நிற்க இருபத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை இருபத்தொன்றாக இறக்க வேண்டும் என்பது மாயவன். பேரளி தாண்டிக் கூட்டம் கொஞ்சம் இளகியதும் முன்கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"ஓட்டுப் போட பதினெட்டு போதும். பஞ்சாயத்துத் தலைவருக்கு இருபத்தொண்ணு போதும். எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் இருபத்தஞ்சு எதுக்குங்க? அங்க போயி மூட்டையா தூக்கப் போறாங்க?"

யாராவது முணுமுணுத்தால் ஸ்டியரிங் பக்கம் கையைக் காட்டுவார். டிரைவர் அறிவரசன் அரும்பு மீசைக்காரன். "இந்தா ஓட்டுறானே, இவனுக்கு இருபத்திமூணு. அறுபது உசுரு இவன் கால்ல இருக்கு. நம்பிக்கை இல்லாதவங்க யாராச்சும் எறங்கிக்கிறீங்களா? விசிலு அடிக்கிறேன்." ஒருவரும் இறங்குவதில்லை. அறிவரசன் கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, என்னய விட்டுடுண்ணே" என்று கெஞ்சுவான்.

தகவலில் மாயவன் அவ்வளவு கெட்டி இல்லை. ஒருநாள் மேல்சபைக்கு முப்பது, ஜனாதிபதிக்கு நாற்பது என்று அடித்துவிட்டார். ஜன்னலோரம் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "முப்பத்தஞ்சுங்க" என்றாள். இன்னொருவராக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். இவரோ, "பாத்தீங்களா? அம்பத்திரண்டு வயசுக்காரன் தப்பாச் சொல்றேன், இந்தப் புள்ள கரெக்டாச் சொல்லுது. இதத்தான் நான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவருக்குச் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கிறவர் தர்மராஜ். குன்னத்தில் வெங்காய மண்டி வைத்திருக்கிறவர், தினசரிப் பயணி.

"அனுபவம் வேணாமாய்யா?" என்றார் ஒருநாள். "பச்சப் புள்ளைங்கள கொண்டுபோயி உக்கார வச்சிட்டு என்ன பண்றது?"

"அனுபவஸ்தங்கதான இம்புட்டு நாளும் இருந்தாங்க? எங்கூரு ஓடைக்குப் பாலம் எங்கங்க? மழ பேஞ்சா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாவாடையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நடக்குதுங்க."

"சரி, ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். நீ ஒம் பொண்ணுக்காகத்தான இம்புட்டும் பேசற?"

பஸ் காதைத் தீட்டிக்கொண்டது. மாயவன் கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. "ஆமாங்க. எம் பொண்ணுக்காகத்தான். ஆனா சட்டம் மாறுனா ஒங்க பொண்ணுக்கும் சேத்துத்தான மாறும்? அதுக்குத் தனியா டிக்கெட்டு போட மாட்டேன்." தர்மராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாயவன் மகளின் பெயர் வெற்றிச்செல்வி. குன்னத்தில் இ-சேவை மையம் நடத்துகிறாள். முதியோர் பென்ஷன், பயிர் காப்பீடு, சாதிச் சான்று என்று அவள் வாசலில் கால் வைக்காத வீடு சுற்றுவட்டத்தில் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் பறப்பதைக் கண்டு, பெண்களைத் திரட்டி ரோட்டில் உட்கார்ந்தவளும் அவள்தான். இப்போது பிள்ளைகள் நடக்கிற நேரத்தில் லாரிகள் ஊருக்கு வெளியே நின்றுதான் வருகின்றன. அதற்கப்புறம் ஒரு கட்சி அவள் வீடு தேடி வந்தது, நம் தொகுதிக்கு நீதான் வேட்பாளர் என்று. ஊரே பட்டாசு வாங்கி வைத்தது. கடைசியில் வயதைப் பார்த்தார்கள். இருபத்தைந்து நிறைய இன்னும் சில மாதம் பாக்கி. போச்சு.

இதில்தான் மாயவனுக்கு வயிறு எரிகிறது. உண்மையில் அவளுக்கு இருபத்தைந்து எப்போதோ முடிந்துவிட்டது. அம்மா கரும்பு வெட்டப் போன இடத்தில் கொட்டகையில் பிறந்த பிள்ளை, பிறப்பை யாரும் பதியவில்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோது பெரிய வாத்தியார் வழக்கப்படி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். பள்ளி வயது ஆன பிள்ளைக்குத்தான் விரல் எட்டும். வெற்றிச்செல்விக்கு நன்றாகவே எட்டியது. "ஆறு இருக்கும்போல இருக்கேப்பா" என்றார் வாத்தியார். அப்போது மாயவன் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அஞ்சுன்னே போட்டுடுங்க சார். நாளைக்குக் கவர்மெண்டு வேலைக்கு ஒரு வருசம் கூடக் கெடைக்கும்." அன்று பஸ்ஸில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கவர்மெண்டு வேலைக்கு அவள் எழுதவே இல்லை.

வயதைக் குறைக்கிற அம்மாக்களை வருஷக்கணக்காகப் பிடித்தவர், தன் வீட்டில் தானே குறைத்திருக்கிறார். கோர்ட்டுக்குப் போய் மாற்றலாம். அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். அடுத்ததற்கு ஐந்து வருஷம் இருக்கிறது, பொறு என்று ஆறுதல் சொன்னவர்களிடம், "அஞ்சு வருசம் கழிச்சு வர்ற பஸ்ஸுக்கு இப்பவே ஸ்டாப்புல நிக்கச் சொல்றீங்க" என்று எரிந்து விழுந்தார். மகள் ஒரே வார்த்தையில், "விடுப்பா" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

போன வாரம் கட்சியின் ஒன்றியச் செயலாளர் முத்தமிழ்செல்வன் காரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். வெள்ளைச் சட்டை கசங்காமல் முன்சீட்டில் உட்கார்ந்து, மாயவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாயவண்ணே, நீங்க நில்லுங்க."

"நான் எப்பவும் நிக்கிற ஆளுதானுங்க" என்றார் இவர் புரியாமல்.

"தேர்தல்ல நில்லுங்கண்ணே. ஒங்களுக்கு வயசுக்குப் பிரச்சன இல்ல, பேசவும் தெரியுது. பேருக்கு நீங்க, வேலையெல்லாம் பாப்பா பாத்துக்கட்டும். மனைவிய நிக்க வச்சிட்டுப் புருசன் பாத்துக்கிற ஊருதான இது? இங்க அப்பன நிக்க வச்சிட்டுப் பொண்ணு பாத்துக்குது. நாளைக்குச் சாயங்காலம் இதே பஸ்ஸுக்கு வரேன், ஒரு வார்த்த சொல்லுங்க."

பொய் சொல்வானேன், மாயவனுக்கு ஆசை வந்துவிட்டது. விஷயம் கசிந்து, படிக்கட்டில் நின்ற ஒருவன் "எம்.எல்.ஏ. ஐயா, குன்னம் ஒண்ணு" என்றபோது அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மைக்கைப் பிடித்து, கைதட்டுக்கு நடுவே பேசுவதாக நினைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அன்று இரண்டு ஸ்டாப்பில் விசில் அடிக்க மறந்தார். இறங்க வேண்டியவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வீட்டில் மகளிடம் கேட்டதற்கு, "ஒன் இஷ்டம்ப்பா" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வயது சொன்னவருக்குத் தன் பிள்ளையின் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அரியலூரில் பஸ் நின்றிருந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெங்காயம் அப்படியே கிடந்தது.

"என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்றான் அறிவரசன்.

"அன்னிக்கு அவ வயச நான் எடுத்துக்கிட்டேன்டா. இன்னிக்கு அவ எடத்தையும் எடுத்துக்கிட்டா, அவளுக்குன்னு என்னடா மிஞ்சும்?"

மாயவன் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

சாயங்காலம் சொன்னபடி பெரம்பலூரில் ஏறினார் முத்தமிழ்செல்வன். தர்மராஜ் உட்படப் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் தெரியும். பேரளி தாண்டியது. மாயவன் முன்கம்பியில் சாயாமல் நேராக நின்றார்.

"எனக்கு வயசு மட்டுந்தாங்க இருக்கு."

"அதுதாண்ணே வேணும். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"எம் பேரு வேணாங்க. வேற ஆளப் போட்டுக்குங்க. அடுத்த தேர்தல்ல அவ தன் பேர்ல நிப்பா. அதுக்குள்ள மத்த புள்ளைங்களுக்காச்சும் அந்த வயச எறக்கி வைக்கிறதுக்கு என்னா உண்டோ அதப் பாக்கறேன். இன்னும் எம்புட்டுப் பேரு இந்தப் பஸ்ஸுல ஏறுவாங்க, எல்லாருகிட்டயும் சொல்லுவேன்."

"ஒரு சந்தர்ப்பத்த வீணாக்கறீங்கண்ணே. அந்தப் பொண்ணுக்கு இன்னும் வயசு பத்தலன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் செயலாளர். குரலில் எரிச்சல் தெரிந்தது.

மாயவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குன்னம் வந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக வெற்றிச்செல்வி ஏறினாள், மையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற நேரம். தோளில் பை, கையில் குடை. செயலாளர் உட்கார்ந்திருப்பதையும், அப்பா விறைத்து நிற்பதையும், பஸ் முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாயவன் அவள் முன்னால் போய், பல் விழுந்த பிள்ளைகளிடம் குனிவதைப் போலவே குனிந்தார்.

"எத்தன வயசு சாமி?"

வெற்றிச்செல்வி குடையைத் தர்மராஜிடம் கொடுத்தாள். பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தபடியே வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே வளைத்து இடது பக்கம் கொண்டுபோனாள். விரல்கள் காதைத் தொட்டன. தொட்டதோடு நிற்காமல், காதைத் தாண்டி வந்து கன்னத்தில் படிந்தன.