மணியகாரர்களுக்கு லீவு கிடையாது

பழைய இஸ்ரவேலில் ஞானத்துக்குப் பேர்போன ஒரு ராஜா இருந்தார். அவருடைய ஞானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. அவருடைய சாப்பாட்டை யார் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் வேதத்தில் அது விவரமாகவே இருக்கிறது. தேசத்தைப் பன்னிரண்டு வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு மணியகாரர். ஆளுக்கு வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைப் பந்திக்கு வேண்டியதைச் சேகரித்து அனுப்ப வேண்டும். மாவு, மாடு, ஆடு, மான், குதிரைகளுக்கு வைக்கோல் உட்பட. வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் தாண்டிக் குதித்துவிடும் பக்கம் அது. வெறும் பெயர்ப் பட்டியல். நான் பட்டியலைத் தாண்டிப் போகிறவன் அல்ல. குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டாக்குமெண்ட் கன்ட்ரோலர், வந்துபோகிற காகிதங்களுக்குப் பட்டியல் போடுகிற வேலை. பட்டியல்தான் எனக்குச் சோறு.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குச் சொந்தப் பெயரே கிடையாது. இன்னாரின் குமாரன் என்று மட்டும் போட்டிருக்கும். ஒரு மாதம் முழுக்க அரண்மனைக்குச் சோறு போட்டவனுக்கு அவ்வளவுதான் மரியாதை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய நாளிலிருந்து அலுவலகத்தில் என்னையும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மேனேஜர் கத்தும்போது திட்டு வாங்குவது அப்பாதான். அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. இன்னும் டியூட்டியில் இருக்கிறார்.

இந்த மணியகாரர்களைக் குவைத்தின் அப்பாசியாவுக்குக் கொண்டுவந்தது நான்தான். அங்கே ஒரு பிளாட்டில் வெள்ளிக்கிழமை காலையில் ஜெபத்துக்குக் கூடுவோம். நாற்பது பேர் வரை வருவார்கள். பாதிப் பேர் என்னைப் போல, குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு இங்கே ஷேரிங் ரூமில் கட்டிலுக்கு ஒருவராக இருப்பவர்கள். ஜெபம் முடிந்ததும் சாப்பாடு. சிலருக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். அவரவர் முடிந்ததைக் கொண்டு வரட்டும் என்று ஆரம்பத்தில் விட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது பாத்திரம் எலுமிச்சை சாதம் வந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம், சாதத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி எல்லோரும் பேப்பர் தட்டு வாங்கி வந்தார்கள்.

அப்போதுதான் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

ராஜாவின் ஏற்பாட்டை விளக்கினேன். பன்னிரண்டு பேர் பெயர் கொடுக்க, சீட்டுப் போட்டு மாதம் பிரித்தோம். அவரவர் ஊரை வைத்துப் பட்டமும் கொடுத்தோம். நான் நாகர்கோவில் மணியகாரர், செப்டம்பர். எனக்கு அடுத்த அக்டோபர் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு விழுந்தது. ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர், ஃபர்வானியாவில் ரூம். பேச்சு குறைவு, சமையல் அபாரம். அவருடைய கூழைக் குடித்துவிட்டு வேலூர்க்காரர் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டிருக்கலாம். சட்டம் இயற்றும் ஆசை வந்துவிட்டது. மாதத்தை யாரோடும் மாற்றிக்கொள்ளக் கூடாது, அந்த மாதத்தில் ஊருக்குப் போகக் கூடாது என்றேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தனாவது லீவு கேட்டதாக எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எல்லோரும் கை தூக்கினார்கள். நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

இதையெல்லாம் வளர்ந்த மனிதர்கள் எப்படி மதித்தார்கள் என்று கேட்கலாம். விசா, ரூம் வாடகை, லீவு தேதி, எல்லாம் வேறு யாரோ முடிவு செய்து எங்களுக்குச் சொல்லப்படுகிறவை. இந்த ஒன்றுதான் நாங்களாகப் போட்டுக்கொண்டது. அதனால் இதை மீற மனம் வரவில்லை. கீழே கறிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர்கூட மாதம் பிறந்ததும், "என்ன மணியக்காரரே, ராஜாவுக்கு இந்த மாசம் என்ன கறி?" என்று கேட்டு நல்ல தொடையாக எடுத்து வைப்பார்.

மூன்றாம் வருஷம், யாழ்ப்பாணத்துத் தம்பியின் ஒரே தங்கைக்கு அக்டோபரில் கல்யாணம் நிச்சயமானது. மாதத்தை மாற்றித் தரலாமா என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். இரண்டு மூன்று பேர் தாங்கள் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நான் நோட்டைத் திறந்தேன். ஒருவருக்குத் திறந்தால் பன்னிரண்டு பேருக்கும் திறக்க வேண்டும், ராஜாவின் பந்தி என்ன ஆவது என்று நகைச்சுவையாகப் பேசினேன். நகைச்சுவையாகப் பேசினால் எதிர்த்துப் பேச யாருக்கும் வராது. இது எனக்குத் தெரியும், அதுதான் அசிங்கம். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கல்யாண நாள் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. அடுப்பில் நாற்பது பேருக்கு ஆட்டுக்கறி. உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தம்பி ஒரு கையால் கிண்டியபடி வீடியோவில் கல்யாணத்தைப் பார்த்தார். மோதிரம் மாற்றுகிற நேரத்தில் படம் உறைந்து நின்றது. அவர் போனைத் தொடவில்லை, கிண்டுவதையும் நிறுத்தவில்லை. கறி அடிபிடிக்காமல் வந்தது என்று நான் எல்லோருக்கும் முன்னால் பாராட்டினேன்.

எனக்கு ஒரே மகள். நான் விமானம் ஏறியபோது மூன்று வயது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. பத்தொன்பது வருஷம், பத்தொன்பது மாதம். அந்தக் கணக்கில் அவளுக்கு இப்போது ஐந்து வயதுகூட ஆகியிருக்கக் கூடாது. ஆனால் போன வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் வீடியோவில் வந்து, ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாள். செப்டம்பர் நடுவில் போக வேண்டும். மூன்று வருஷமாவது ஊருக்கு வர மாட்டாள். அதற்குப் பிறகு வேலை, அதற்குப் பிறகு யாருக்குத் தெரியும். நான் வாழ்த்தினேன். எவ்வளவு குளிரும் என்று கேட்டேன். போனை வைத்த பிறகு காலண்டரைப் பார்த்தேன்.

கம்பெனி பதினைந்து நாள் லீவு கொடுத்துவிட்டது. மேனேஜர் கையெழுத்துப் போட்டு, "யல்லா, போ" என்று அப்பாவிடம் சொன்னார். கொடுக்காதது நான்தான்.

சட்டத்தில் ஓட்டை தேடி வேதத்தை எடுத்தேன். சில வருஷங்களில் அவர்களுடைய காலண்டரில் பதிமூன்றாவது மாதம் ஒன்று வருமாம். அந்த மாதம் ராஜாவுக்கு யார் சோறு போட்டார்கள் என்று எழுதவில்லை, அதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. அடுத்த அதிகாரத்துக்குப் போனேன். ஆலயம் கட்ட மரம் வெட்டுவதற்கு ராஜா ஜனங்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்புகிறார். கொடுமைதான். ஆனால் அதில் ஒரு ஏற்பாடு: ஒரு மாதம் லீபனோனில் வேலை, இரண்டு மாதம் வீட்டில். நான் அந்த வரியை நாலு முறை வாசித்தேன். பதினொரு மாதம் இங்கே, ஒரு மாதம் வீட்டில் என்று நானே விரும்பிக் கையெழுத்துப் போட்டவன். அந்தக் கட்டாய வேலைக்கு விண்ணப்பம் எந்த கவுண்டரில் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது, பல் விழுந்தது, கண்ணாடி போட்டது, சைக்கிளில் இருந்து விழுந்து கையை உடைத்தது, எல்லாம் அந்தப் பதினொரு மாதங்களில்தான் நடந்தன. என் ஒரு மாதத்தில் அவள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருப்பாள்.

யாரோடு மாற்றுவது? நவம்பர்க்காரர் அமெரிக்காவில் பேரக்குழந்தையைப் பார்க்கப் போயிருந்தார். மற்றவர்கள் செப்டம்பரில் லீவு போட்டிருந்தார்கள், இல்லையென்றால் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை. சுற்றிச் சுற்றி அக்டோபரில் வந்து நின்றது.

ஒரு சாயங்காலம் ஃபர்வானியாவுக்குப் போனேன். நாலு கட்டில் போட்ட ரூம். மற்ற மூவரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். தம்பி இஞ்சி போட்டுத் தேநீர் கொடுத்தார். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். டிராஃபிக்கைப் பற்றிப் பேசினேன். இன்னொரு முறை வெயிலைப் பற்றிப் பேசினேன்.

"மகள் போற விசயமோ அண்ணை?" என்றார். "கேள்விப்பட்டனான்."

"ஆமா தம்பி. செப்டம்பர் பதினாலு."

அவர் தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தார். "ராஜாவிட்டைக் கேட்டனீங்களோ?"

முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். மூன்றாம் வருஷம் நான் செய்தது தப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். பத்தொன்பது வருஷமாகக் கம்பெனிக் கடிதங்களோடு பிழைக்கிறவன், ஒரு வாக்கியத்தை முடிக்க வரவில்லை.

"தேத்தண்ணி ஆறுது அண்ணை, குடியுங்கோ," என்றார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி இப்ப பிரான்சிலை. அடுத்த வருசம் நான் லீவிலை போகேக்கை அவள் அங்கை போயிட்டாள். கலியாணத்துக்கு முதல் கண்டதுதான். பிறகு நேரிலை காணேல்லை."

காலித் தம்ளரை என் கையிலிருந்து வாங்கினார்.

"அதுதான் சொல்லுறன். செப்டம்பரை எனக்குத் தாங்கோ. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, நானே அந்தச் சட்டத்தை அடித்துவிட்டதாகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன், தம்பியின் தங்கை கல்யாணக் கதையையும் சேர்த்து. நல்ல காரியம்தானே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தம்பி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

பதினைந்து நாளில் மகள் வீட்டில் இருந்தது குறைவு. தோழிகள், தையல்காரர், பேங்க், சான்றிதழ் நகல். சாப்பாட்டு மேசையில் மீன் துண்டை அவள் தட்டில் வைத்தேன். அவள் மீன் சாப்பிடுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறதாம். மனைவி கண்ணால் சொன்னாள், நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த வீட்டில் உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பெட்டி கட்டுவது. கையில் தூக்கினால் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். மிளகாய்ப் பொடி எங்கே வைத்தால் துணியில் சிந்தாது, எந்தப் பொருளைக் கைப்பையில் பிடுங்குவார்கள், எந்த மூலையில் ஒரு அப்பளக் கட்டு ஒளியும், எல்லாம் அத்துப்படி. அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம். ஒருமுறை, "இவ்வளவு அழகா அடுக்குதிய, அப்பா," என்றாள். அந்த இரண்டு பெட்டிகளையும் பிரித்து இன்னொரு முறை கட்டலாமா என்றிருந்தது. மூடி, பூட்டி, மேலே பெயர் எழுதினேன். அவளுக்கும் அப்பா பெயர்தான் பின்னால் வருகிறது. இனி அங்கே அவளையும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகலாம். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னை. பாஸ்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அந்தக் கதவுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். வெளியே நிற்கிறவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கார் நிறுத்திய பக்கம் திரும்பி நடந்தேன்.

மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க போறிய? இங்க வாங்க."

டிராலிகள் வரிசையாக நின்ற இடத்தைத் தாண்டி, கட்டிடத்தின் ஓரமாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"இதுவழி பாத்தா பெட்டி போடுத இடம் தெரியும். பொறவு கொஞ்ச நேரம் தெரியாது. அந்த எஸ்கலேட்டர்ல ஏறும்போது ஒரு தடவ தெரியும். அவ்வளவுதான்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"உங்களுக்கு முக்கா மணி நேரம் ஆவும். இவ சீக்கிரம் போயிருவா." கைப்பையைக் கீழே வைத்து, காலோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல. இவ பாக்காளான்னு பாப்போம்."

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்தேன்.