மிஷின் போடுறேன், தங்கச்சி

சட்டைக்குக் காலர் தைப்பதால் எங்கள் தெருவில் அவருக்குக் காலர் அக்கா என்றே பெயர்.

சில வருஷங்களுக்கு முன் நிலநடுக்கத்தில் அவர் வீடு சரிந்தது. இடிபாட்டிலிருந்து இழுத்தெடுத்தபோது தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அதிர்ஷ்டக்காரி என்றார்கள். கை உடைந்தால் கட்டுப் போடுவோம். மனம் உடைந்தால் நடிப்பு என்போம். நம் நியாயம் அவ்வளவுதான்.

போன மாதம் அவர் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்குத் துணி வெட்டும் பெரிய மிஷின் வந்தது. போட்டால் தரை அதிரும். அந்த அதிர்வு பாதத்தில் ஏறியதும் அக்காவின் கண்ணுக்குச் சாயும் சுவர்தான் தெரியும். எழுந்து ஓடிவிடுவார். ஒருநாள் பாதி தைத்த சட்டையோடு வாசலுக்கே ஓட, காவலாளி மடக்கினார்.

டீ டம்ளரும் கையுமாக மேனேஜர் வந்தார். "சட்டையத் தூக்கிட்டு எங்கம்மா கிளம்பிட்ட? திருட்டுதானே இது?"

"ஒத்தக் கை சட்டையத் திருடி யாருக்கு சார் போடுறது?" என்றாள் பட்டன் தைப்பவள். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் திருடி. உண்மையைச் சொன்னால் பைத்தியம். எப்படியும் வேலை போகும்.

"தரை ஆடினா அந்த நாளே திரும்ப வந்துடுது சார். டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கேன். மாஸ்டர், நீங்க மிஷினப் போடுங்க. சார் கண்ணால பாக்கட்டும்."

துணி வெட்டும் மாஸ்டர் தயங்கித் தயங்கிப் போட்டார். தரை அதிர்ந்தது. அக்கா கதவு நிலையை இறுகப் பற்றினார். வியர்த்துக் கொட்டியது. ஆனால் ஓடவில்லை.

"பாத்தீங்களா, ஓடல! இத்தனை நாளும் நடிப்புதான்" என்றார் மேனேஜர்.

மாஸ்டர் மிஷினை நிறுத்தினார். மேனேஜருக்குப் பின்னால் போய், இரும்பு ஸ்கேலை மேசையில் ஓங்கி அறைந்தார். மேனேஜர் துள்ளிய துள்ளலில் டீ முழுக்க அவர் சட்டையில்.

"நடிக்கிறீங்களா சார்?"

"யோவ், சொல்லிட்டு அடிக்க மாட்டியா?"

"அதேதான் சார். சொல்லிட்டுப் போட்டதாலதான் தங்கச்சி நின்னுச்சு."

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அந்த நாற்காலிக்கு இல்லை. "போய் வேலையப் பாருங்க" என்று ஈரச் சட்டையை உதறிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து சுவிட்சில் கை வைக்கும் முன் மாஸ்டரின் குரல் கேட்கும்: "மிஷின் போடுறேன், தங்கச்சி!"

"போடுங்கண்ணே" என்று அக்கா இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொள்வார். சில நாள் அப்படியும் முடியாமல் வாசலுக்குப் போய்விடுவார், சட்டையை மேசையில் வைத்துவிட்டு. காவலாளி இப்போது அவர் உட்காரத் தன் நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்.