குப்புராஜ் முடிச்சுப் போட்ட கணக்கு

சொந்தத் தறி வைத்திருக்கிறவன் என்று ஆரணியில் மார்தட்டிக்கொள்ள குப்புராஜுக்கு யோக்கியதை இருந்தது. மனைவி குணசுந்தரியின் நகையை விற்று வாங்கிய தறி. அதை எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு வந்தான் அந்த மகராசன்.

மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட முடியாது, தறி ஓடாது. சும்மா கிடக்கிற கை எங்கே போகும்? சீட்டாட்டம் நடத்துகிற அருணாச்சலத்தின் கொட்டகைக்குப் போயிற்று. ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சீட்டைச் சொல்லவேண்டும். சீட்டுக்கட்டிலிருந்து உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பணம் கட்டினவன் ஜெயித்தான்.

குப்புராஜிடம் ஒரு கணக்கு இருந்தது. சேலையில் ஒரு வரிசைப் புட்டாப் பூ இடப்பக்கம் தள்ளி விழுந்தால் அடுத்தது வலம் தள்ளி விழும். ஆயுசு பூரா அப்படி நெய்தவன். அப்போ வெளியே வெளியே என்றே விழுந்துகொண்டிருந்தால் அடுத்தது உள்ளேதானே? "வராம எங்க பூடும்?" என்று பணத்தை ஏற்றி ஏற்றி வைத்தான். கடைசியில் தறியையே வைத்தான். அதுவும் போச்சு.

"தை பொறக்கறவரைக்கும் உன் வூட்லயே இருக்கட்டும்பா. முடிஞ்சா ஆடி ஜெயிச்சு மீட்டுக்கோ" என்றார் அருணாச்சலம். ரொம்ப நல்ல மனுஷர்! தூண்டிலில் புழு கோக்கிறவனும் மீனுக்குச் சோறு போடுகிறவன்தான்.

புருஷன் ஆடுவது குணசுந்தரிக்குத் தெரியும்; தறி போனது தெரியாது. சீட்டின் வரிசையைப் பிடித்துவிட்டால் மீட்டுவிடலாம் என்று அவன் பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தனக்குத்தானே போட்டுப் பார்த்தான். உள்ளே விழுந்தால் சிவப்பு இழை, வெளியே விழுந்தால் மஞ்சள் இழை, ஒரு நூலில் முடிச்சு.

"இன்னாங்க இது, வேல இல்லன்னா பைத்தியமா புடிக்கும்?" என்று கத்தினாள்.

மார்கழி பூரா முடிச்சுப் போட்டான். நூல் நீண்டதே ஒழிய வரிசை வரவில்லை. மஞ்சள் கூட்டமாக விழுந்ததற்குப் பிறகு சிவப்பும் வந்தது, மஞ்சளும் வந்தது. நெய்கிறவன் எண்ணிப் போடுவதால் புட்டா திரும்பி வருகிறது. சீட்டை யார் எண்ணிப் போட்டார்கள்? முன்னே விழுந்த எதுவும் அதற்கு ஞாபகமே இல்லை. போதாததற்கு ஆட்டத்துக்கு ஆட்டம் அருணாச்சலம் பங்கு வேறு எடுக்கிறார். ஆட ஆடக் கரையுமே தவிர சேராது. கணக்கு புரிந்த ராத்திரி அவன் தூங்கவில்லை. இத்தனை நாள் அவனைத் தூங்கவிட்டது அந்தப் புட்டாக் கணக்குதான்.

போகியன்று காலையில் சொன்னான்: "அந்த ஆட்டத்துல ஜெயிக்க வழியே இல்ல குணா."

"அப்பாடா! இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. எங்க நம்ம தறியையும் கொண்டும்போயி வச்சிடுவீங்களோன்னு பயந்துகினே இருந்தேங்க." முகமெல்லாம் சிரிப்பாகத் தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

குப்புராஜ் சட்டையை மாட்டினான்.

"எங்க கெளம்பிட்டீங்க? மறுபடியும் ஆடவா?"

"இல்ல. அருணாச்சலத்தப் பாக்க. நாளைக்குத் தை பொறக்குது. அவர் தறியில நெய்யறதுக்கு இன்னா கூலி குடுப்பார்னு கேட்டுகினு வரேன்."