தாவீதுராஜ் அளந்த நாற்பது மில்லிமீட்டர்

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் ஐ.டி.ஐ.யில் தாவீதுராஜுக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் ஜீரோ டூ. அவருடைய வெர்னியர் காலிப்பர் ஒரு மில்லிமீட்டரை நூறாக்கி அதில் இரண்டு பங்கு வரை காட்டும். அதற்கும் கீழே காட்ட மாட்டேன் என்கிறதே என்பதுதான் சாருக்கு இந்த உலகத்தில் ஒரே குறை என்று சொல்லிச் சிரிப்பார்கள். "ஏலே, ஜீரோ டூ வாராருலே" என்று ஒருவன் முணுமுணுத்தால் போதும். இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கும் இருபது வைஸ்களிலும் அரம் ஒரே சீராக ஓடத் தொடங்கிவிடும்.

அவர் ஃபிட்டர் பிரிவுக்கு இன்ஸ்ட்ரக்டர். சொந்த ஊர் மல்லாங்கிணறு பக்கம். தகப்பனார் அடுத்தவர் புஞ்சைகளில் கூலி வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் தாவீதுராஜ்தான். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு நூற்பாலையின் பழுதுபார்க்கும் பட்டறையில் ஒன்பது வருடம் இருந்தார். 1979இல் இந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, ஆலையை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு இங்கே வந்தார். என்னங்க இது என்று மனைவி பிலோமி கேட்டாள். தான் படித்த காலத்தில் மார்க்கு ஆளைப் பார்த்து விழுந்தது, எந்தத் தெரு, யாருடைய மகன் என்று விசாரித்து விழுந்தது, தான் போடும் மார்க்கு அப்படி விழாது என்று பதில் சொன்னார். வெர்னியருக்கு யாருடைய மகன் என்று கேட்கத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காக அவர் அதை நம்பினார்.

பள்ளி தொடங்கியபோது வாங்கிய முதல் வெர்னியர் அது. பிறகு மாணவர்களுக்கென்று ஆறு வாங்கினார்கள். அவை கைமாறிக் கைமாறிப் புழங்கின. முதல் வெர்னியரை மட்டும் தாவீதுராஜ் தன் மேசையில் பூட்டி வைத்தார். தினமும் காலையில் அதன் பொருளைக் கவ்வும் இரண்டு தாடைகளையும் மூடிப் பார்ப்பார். பூஜ்யத்துக்கு நேரே பூஜ்யம் நிற்கும். முதலாண்டுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையில் ஒளி தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்வார். அவர் தன் வெர்னியரை அப்படிப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

அளக்கும் முறையிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தாடையின் நுனியில் வைத்து அளந்தால் அளவு ஏமாற்றும் என்பார். பையன்கள் அரத்தால் ராவிக் கொண்டுவரும் பத்து மில்லிமீட்டர் கனத் தகட்டைத் தாடையின் நடுவில், எப்போதும் அதே இடத்தில் வைத்துத்தான் அளப்பார். மூன்று தரம் அளப்பார். மூன்று தரமும் ஒரே எண் வந்தால் பதிவேட்டில் எழுதுவார். அளவு கூடியிருந்தால் ஓரளவு மார்க்கு உண்டு, இன்னும் ராவிக்கொள்ளலாம் என்பதால். குறைந்திருந்தால் சுழிதான். ராவியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

விஜயபாண்டி 1987இல் சேர்ந்தான். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். அப்பா பால்ச்சாமி சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். பையன் அதிகம் பேச மாட்டான். அரம் பிடிக்கும் கை சுத்தமான கை. இவன் தேறிவிடுவான் என்று தாவீதுராஜ் வீட்டில் ஒருமுறை சொன்னார். அவர் வீட்டில் பேர் சொல்லிப் பேசிய மாணவர்கள் குறைவு.

1989 கோடையில் திருச்சிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஆள் கேட்டு எழுதியது. இரண்டு வருட வேலைகளுக்கும் சேர்த்து எழுபது சதவீத மார்க்கு இருப்பவர்களை மட்டும் அனுப்ப வேண்டும். விஜயபாண்டிக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. நாற்பது மில்லிமீட்டர் சதுரம். நூறில் நான்கு பங்கு கூடலாம், அல்லது குறையலாம். அது தேறினால் எழுபதைத் தாண்டிவிடுவான்.

தாவீதுராஜ் அளந்தார். முப்பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றிரண்டு. நூறில் எட்டுப் பங்கு குறைவு.

"நான் அளந்தப்ப தொண்ணூத்தெட்டு வந்துச்சு சார்" என்றான் விஜயபாண்டி.

"எதுல அளந்த?"

"கிளாஸ் வெர்னியர்ல சார்."

"அது கண்டவன் கையும் பட்டது. இதுல என் கை மட்டுந்தான் பட்டிருக்கு."

இன்னொரு தரம் பாருங்கள் சார் என்று கேட்டான். அவர் பார்த்தார். அதே இடத்தில் வைத்து இரண்டு தரம் பார்த்தார். அதே எண் வந்தது. மூன்று தரம் ஒரே எண் வந்தால் அதுதானே அளவு. சுழி போட்டார். மொத்தம் அறுபத்தெட்டு வந்தது. தொழிற்சாலைக்குப் போன மூன்று பெயர்களில் விஜயபாண்டி இல்லை. இரண்டு மார்க்குதானே, பார்த்துப் போடக் கூடாதா என்று உடன் வேலை பார்த்தவர் ஒருவர் கேட்டபோது, அப்படிப் போட்டால் எனக்கும் பழைய ஆட்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தாவீதுராஜ் திருப்பிக் கேட்டார்.

அந்த வருடங்களில் ஒரு விஷயம் அவரை உறுத்தத்தான் செய்தது. அவரிடம் நல்ல மார்க்கு வாங்கியவர்களின் வேலையைப் பொதுத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அளந்துவிட்டு, அளவு கூடுதல் என்று எழுதிவிட்டுப் போவார். வருடா வருடம் அப்படித்தான் நடந்தது. வந்த தேர்வாளருக்குத்தான் அளக்கத் தெரியவில்லை என்று தாவீதுராஜ் முடிவு செய்துகொண்டார்.

1993 ஏப்ரலில் மகள் ஸ்டெல்லா ஆய்வகப் பயிற்சிக்கென்று அந்த வெர்னியரைக் கேட்டாள். மதுரையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள், இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு. ஐ.டி.ஐ.யில் அந்த வாரம் வகுப்பு இல்லை. யாருக்கும் கொடுக்காததை அவளுக்குக் கொடுத்தார். துணியில் சுற்றி, கீழே போட்டுவிடாதே என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் துல்லியமான அளவு தெரிந்த எஃகுக் கட்டைகள் உண்டு. அவற்றை வைத்து எந்தக் கருவியையும் சோதிக்கலாம். நாற்பது மில்லிமீட்டர்க் கட்டையைத் தாடையின் நுனியில் வைத்தாள். நாற்பது காட்டியது. அப்பா வைக்கும் இடத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அப்பா, உங்க வெர்னியர் நடுவுல எட்டுப் பாயிண்ட் குறைச்சுக் காட்டுது."

"பூஜ்யம் சரியா இருக்கே."

"பூஜ்யம் சரிதாம்ப்பா. நீங்க ஒரே இடத்துல வச்சு வச்சு அந்த இடம் மட்டும் பள்ளமாயிருச்சு. வெளிச்சத்துல பாருங்க, நல்லாத் தெரியும்."

பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கிய மாதிரிச் சொன்னாள். அவர் வெர்னியரை வாங்கி, தாடைகளை மூடி, ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நுனியில் ஒளி இல்லை. அடியிலும் இல்லை. நடுவில், பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு, முடி கனத்தில் ஒரு வெளிச்சக் கோடு. பிலோமி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் கையை இறக்கவில்லை.

திங்கட்கிழமை புழங்காத அறையைத் திறந்தார். சோதனைக்கு யாராவது வந்தால் காட்ட வேண்டும் என்பதற்காகப் பழைய வேலைகளை எண்ணெய் தடவிப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மாணவனின் எண் பொறித்திருக்கும். நல்ல வெர்னியர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அளவு குறைந்ததென்று தான் சுழி போட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அளந்தார். விஜயபாண்டியின் சதுரம் முப்பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றெட்டு இருந்தது. அவன் சொன்ன அதே எண். அப்போது பள்ளம் இவ்வளவு ஆழம் இல்லை, நூறில் ஆறு பங்கு இருந்திருக்கும். அதுவே போதுமானதாக இருந்தது. மூன்று நாட்களில் கணக்கு முடிந்தது. தேற வேண்டியவர்களாக இருந்து தேறாமல் போனவர்கள் முப்பத்தொரு பேர். பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதினார்.

தாளாளர் சௌந்தரபாண்டியன் தாளை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர். முடிந்துபோன பேட்ச்சைத் திறந்தால் தேறியவர்களின் மார்க்கையும் திறக்க வேண்டி வரும், பிறகு பள்ளியை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த வாரமே புது வெர்னியர் வந்தது. தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தாவீதுராஜ் வீரசோழன் போகும் பஸ்ஸில் ஏறினார். விஜயபாண்டியின் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுத்தார். அவன் தாய் ஆவுடைத்தாய் அவரை அடையாளம் கண்டுகொண்டு, கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். மகனை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு, அவுக அளந்தா அளந்ததுதாம்மா என்று இவன் இன்றைக்கும் சொல்வான் என்றாள். வேலைக்குப் போகாததற்கு என் கைதான் காரணம், சாரைக் குறை சொல்லாதே என்று தகப்பனையே அடக்கியிருக்கிறானாம். தாவீதுராஜ் அவள் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

விஜயபாண்டி கரிமூட்டத்திலிருந்து வந்தான். முகம், கழுத்து, இமை எல்லாம் கரி. கையைக் கழுவிவிட்டு வந்து நின்றான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பள்ளம், பூஜ்யம், எட்டுப் பங்கு, ஆறு பங்கு, எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வது போலவே சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

விஜயபாண்டி இமையிலிருந்த கரியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"பசங்களுக்கெல்லாம் தெரியும் சார். சாருக்கு ஒரு முடி கனம் அதிகமா விட்டு ராவுன்னு சீனியர் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போவாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க."

"நீ ஏன் விடல?"

"டிராயிங்ல நாப்பதுன்னு போட்டிருந்துச்சு சார்."

தாவீதுராஜால் நிமிர முடியவில்லை. பதினான்கு வருடமாக அவர் அளந்தது வேறு எதையோ.

இப்போது ஏதாவது செய்ய முடியுமா சார் என்று அவன் கேட்டான். அப்ரண்டிஸ் வயது தாண்டிவிட்டது, பதிவேட்டையும் திருத்த மாட்டேன் என்கிறார்கள் என்றார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லி விடுகிறேன் என்றார். அரத்தைத் தொட்டு நாலு வருடமாகிறது, இனி அந்தக் கை வராது என்று விஜயபாண்டி சிரித்தான். எரிச்சல் இல்லாத சிரிப்புதான். பஸ் வரும் வரை கூடவே வந்து நின்றான். தூரத்தில் பஸ் தெரிந்த பிறகுதான் பேசினான்.

"என் கைதான் சரியில்லன்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன் சார். இனிமே அப்படி நெனைக்க முடியாது. மத்தவங்களுக்கு இதைச் சொல்லாதீங்க."

அந்தச் சொல்லைத் தாவீதுராஜ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மற்ற முப்பது பேரில் ஒருவர் ஊருக்கும் அவர் போகவில்லை. இரண்டாவது பெயர் காரியாபட்டிப் பக்கம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். லீவு நாட்களில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவார், செய்தித்தாள் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். பள்ளியில் அளக்கும்போது பக்கத்தில் இன்னொருவரை நிற்க வைத்துக்கொண்டார். பையன் என்ன அளவு சொல்கிறான் என்று முதலில் கேட்டார். ஜீரோ டூ என்ற பெயர் மெல்ல மறைந்தது. ஆள் தளர்ந்துவிட்டார் என்றார்கள்.

1997 நவம்பரில் நெஞ்சு வலி என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தார். ஏழாவது நாள் காலையில் பிலோமி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கையை விலக்கிவிட்டுச் சொன்னார்.

"அவன் ஒருத்தன் சொன்னதை நான் முப்பது பேருக்கும் சேத்து எடுத்துக்கிட்டேன் பிலோமி. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

யாரைச் சொல்கிறார் என்று பிலோமி கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்ற ஸ்டெல்லாவுக்கும் கேட்டது. பெயர்கள் எழுதிய அந்தத் தாள் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அப்பா, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவள் உள்ளே வந்து, காபி சூடாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.