நூலக்கா குடைந்த கிராங்க்

அந்தத் தெருவில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். தையல்காரி என்று நினைத்துக் கிழிந்த சட்டையோடு வந்து நின்றவர்களும் உண்டு. பட்டறைக்காரர்கள் கனத்தை நூல் கணக்கில் சொல்வார்கள்; ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவளோ ஒரு நூலில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் விடமாட்டாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டை ஒட்டிய கடைசல் பட்டறையில் கணவர் லேத் ஓட்டினார். பந்தய பைக்குகளின் கிராங்க்கைப் பிரித்துக் கோப்பது அவள் வேலை.

கிராங்க் என்றால் இரண்டு கனத்த இரும்பு வீல்கள், நடுவே அவற்றைச் சேர்க்கும் ஒரு பின். அந்தப் பின்னில்தான் பிஸ்டனோடு ஏறி இறங்கும் ராடு மாட்டியிருக்கும். அவள் கைக்கு வரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் இதற்கு நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. வீலில் இருக்கும் ஓட்டையைவிடப் பின் ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். அந்தப் பிடியை நம்பித்தான் ஆள் பறக்கிறான்.

அப்படிப் பறந்தவன் அவள் அண்ணன். அவள் கோத்த கிராங்க்கோடு பந்தயத்தில் ஓடினான். நேர்ச்சாலையில் முழு வேகத்தில் போகும்போது இன்ஜின் இறுகி, பின்சக்கரம் நின்று, ஆளைத் தூக்கி எறிந்தது. காறையெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "பெட்ரோல்ல ஆயில் கொஞ்சம் கம்மியா கலந்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றான்.

"ஆறுதலுக்குச் சொல்லாத அண்ணா. பிரிச்சுப் பாத்துட்டுப் பேசலாம்" என்றாள் அவள்.

"என்னத்தப் பிரிக்கிறது? மொத்தமா எடைக்குப் போடு அந்தச் சனியனை" என்றாள் அம்மா.

பிரித்துப் பார்த்தாள். பேரிங்கில் ஆயில் பளபளத்தது. காய்ந்த தடமே இல்லை. கிராங்க்கை இரண்டு முனையிலும் தாங்கி நிறுத்தி, கோணலை அளக்கும் டயலை வைத்துச் சுற்றினால் முள் கண்டபடி துள்ளியது. பின்னின் பிடி நழுவி வீல்கள் ஒன்றுக்கொன்று திரும்பியிருந்தன. பலமுறை பிரித்துக் கோத்த பழைய வீல்கள் அவை. ஒவ்வொரு முறையும் ஓட்டை துளித்துளியாய்த் தேய்ந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"பின்னோட ரெண்டு முனையிலயும் வெல்டிங் வச்சிடலாமே. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க" என்றார் கணவர்.

"வைக்கலாங்க. சூட்டுல வீல் கோணிக்கும். அடுத்த தடவை ராடு மாத்தணும்னா அறுத்துத்தான் எடுக்கணும். எனக்குப் பிடிதான் வேணும், ஒட்டு இல்ல."

பெரிய வண்டி ஒன்றின் தடித்த பின்னையும் அதற்கான ராடையும் போடுவது என்று முடிவெடுத்தாள். நீளம் ஒத்துவந்தது. ஆனால் வீலின் ஓட்டையைப் பெரிதாகக் குடைய வேண்டும், அதுவும் இரண்டு வீலிலும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில். முதல் ஜோடியைத் தனித்தனியாகப் பிடித்துக் குடைந்தார்கள். கோத்துப் பார்த்தால் முள் மறுபடி ஆடியது.

"சாமி வந்த மாதிரி ஆடுது" என்றார் கணவர்.

"சிரிங்க, சிரிங்க. அடுத்த ஜோடியை எடுங்க."

இம்முறை லேத்தில் ஒரு பிடிப்புத் தகடு செய்து பொருத்தினாள். தகட்டையும் குடையும் கத்தியையும் இம்மியும் நகர்த்தாமல், ஒரே இடத்தில் ஒரு வீலை, பிறகு மற்றதை வைத்துக் குடைந்தார்கள். புது ராடு கனமாக இருந்ததால் பின் இருக்கும் பக்கம் வீலில் துளையிட்டு எடையைக் குறைத்தாள். கிராங்க் சுழலும் கீழறையில் காற்று அடைபடும் இடம் கூடினால் இன்ஜினின் இழுப்பு குறையும் என்று அந்தத் துளைகளை லேசான அலுமினியத்தால் அடைத்தாள். பிறகு பிரஸ், டயல், செப்புச் சுத்தியல். ஒரு தட்டு, ஒரு சுற்று. கடைசியில் முள் மூச்சுவிடுவதுபோல் அசைந்து அடங்கியது.

அண்ணனுக்கு எலும்பு கூடியிருந்தது. ஹெல்மெட்டோடு வந்து நின்றான்.

"மச்சான், மறுபடியும் ஏறணுமா?" என்று கேட்டார் கணவர்.

"முதல்ல நான் ஏறுறேன்" என்று ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டாள் நூலக்கா.

"உனக்கென்ன பைத்தியமா?" அம்மா கத்தினாள். "ஒருத்தன் விழுந்தது பத்தாதா?"

"என் கை வேலைக்கு இன்னொருத்தர் எலும்பை ஏம்மா பணயம் வைக்கணும்?"

ஊருக்கு வெளியே வண்டி நடமாட்டமில்லாத சாலை. அவள் பந்தயத்தில் ஓட்டியவள் அல்ல. ஒவ்வொரு கியராக மாற்றினாள். அண்ணன் விழுந்த அதே வேகம் வந்ததும் கை தானாகத் தளர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினாள். இன்ஜின் கீச்சிட்டு உயர்ந்தது, நடுக்கம் இல்லை. சாலை முடியும்வரை பிடித்த பிடியை விடவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

அடுத்த பந்தயத்தில் அண்ணன் ஐந்தாவதாக வந்தான். "ரெண்டு வளைவுல பயந்து பிரேக்கைப் பிடிச்சிட்டேன். கிராங்க் மேல பழி போடலாம்னா அதுக்கும் வழியில்லாம பண்ணிட்ட" என்று அலுத்துக்கொண்டான். மறுநாளே இன்ஜினைப் பிரித்து அளந்தாள். வீல்கள் இம்மியும் திரும்பவில்லை.

அந்த வாரமே வேறு இரண்டு பந்தயக்காரர்கள் தங்கள் கிராங்க்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவருடையதில் ஓட்டை தேய்ந்திருந்தது. "வெல்டிங் வச்சுக் குடுங்கக்கா, போதும்" என்றார் அவர்.

"போதாது" என்று சொல்லிவிட்டு, பிரஸ்ஸைத் துடைக்கப் போனாள் அவள்.